சமதரையில் நடந்தவள்

முதலில் கையிலிருந்து பால் போத்தல் நழுவியது. நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். குனிந்து எடுக்கப் போனேன். வலது கால் என் பேச்சைக் கேட்கவில்லை.

பக்கவாதம் (மூளைக்குப் போகும் இரத்தம் தடைப்பட்டு உடம்பின் ஒரு பக்கம் செயலிழப்பது) என்றார்கள். பதுளையில் ஓர் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். வலது தோளில் உயிர் போகிற வலி. பிசியோதெரபி மிஸ் தோளைத் தாங்கிப் பிடித்துத் தினமும் மெல்ல அசைத்தார். வலி குறைந்தது. பிறகு நிற்க வைத்தார்.

என் ஆசை ஒன்றுதான். யாரையும் கூப்பிடாமல் கக்கூசுக்குப் போய்வர வேண்டும். என் வீட்டுக்காரர் பெட்பேன் பிடிக்கும்போதெல்லாம் வெட்கத்தில் கண்ணை மூடிக்கொள்வேன்.

வீட்டுக்கு அனுப்புவதற்கு முதல்நாள் மிஸ் கேட்டார்: "வீட்டுல மாடி இருக்கா?"

"இல்லைங்க மிஸ். லயத்துல ஒரே காம்பராதான்" என்றார் என் வீட்டுக்காரர்.

நானும் தலையாட்டினேன். லயம் என்கிற எங்கள் வரிசை வீடுகள் நிற்கும் மலையைப் பற்றிச் சொல்ல இருவருக்கும் தோன்றவில்லை. பிறந்ததிலிருந்து அதில்தானே நடக்கிறோம்.

அன்று ஊன்றுகோலுடன் விறாந்தையின் கோடிவரை நடந்தேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் கைதட்டினார்கள்.

ரோட்டிலிருந்து லயத்துக்கு நாற்காலியில் வைத்துத் தூக்கிப்போனார்கள். "கல்யாணத்துக்குக்கூட இப்படித் தூக்கலயே" என்று சிரித்தேன். கக்கூஸ் லயத்துக்குப் பின்னால் மேட்டில், மண்ணில் வெட்டிய படிகளுக்கு மேலே இருக்கிறது. அதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

அடுத்த கிளினிக்கில் அந்தப் படிகளைப் பற்றிச் சொன்னோம். மிஸ்ஸின் முகம் வாடிவிட்டது. படி ஏறக் கற்றுக்கொடுத்தார். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோயுற்ற கால் முதலில். மாதக்கணக்கில் பழகினேன். ஆனால் எனக்குப் பாதத் தொய்வு (பாதத்தின் முன்பகுதியைத் தூக்க முடியாமை) மாறாமல் தங்கிவிட்டது.

"கைப்பிடி வச்ச சிமெந்துப் படின்னா ஏறலாம். ஈர மண்ணுல தனியா வேணாம் அம்மா."

"இன்னும் சரியாகுமா மிஸ்?"

"இவ்வளவு மாசம் ஆயிருச்சு. இனிப் பெரிசா மாறாது."

மறைக்காமல் சொன்னார். பஸ்ஸில் வரும்வழியெல்லாம் அழுதேன்.

இருந்தும் ஒருநாள், என் வீட்டுக்காரர் வேலைக்குப் போனபின் தனியாக ஏற முயன்றேன். ஏறிவிட்டேன். கதவைத் திறந்து வெளியே வந்தால் மழை. கீழ்ப்படியில் வைத்த கால் வழுக்கியது. பயந்துபோய் கக்கூஸ் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். சாயங்காலம் அவர் வந்து பார்த்தார்.

"யாரையாச்சும் கூப்பிட்டிருக்கலாமே புள்ள."

"யாரக் கூப்பிட? எல்லாரும் மலையில வேலைக்குப் போயிட்டாங்க."

என்னைச் சுமக்க அவர் முதுகைக் காட்டிக் குனிந்தார்.

காம்பராவிலேயே கக்கூசுக்கு ஒரு வாளி வைக்கலாம் என்றார் பிறகு. சாமிப் படமும் அடுப்பும் இருக்கிற அந்த ஒற்றை அறையில் என்னால் முடியாது. அவர் இருக்கும்போது அவர் முதுகில்தான் மேட்டுக்குப் போய்வருகிறேன்.

இதைப் படிக்கும் நீங்களும் நடக்கப் பழகிக்கொண்டிருந்தால், வீட்டைப் பற்றி மட்டும் சொல்லாதீர்கள். வீட்டைச் சுற்றியுள்ள வழியையும் முதல்நாளே சொல்லிவிடுங்கள். பயிற்சியை விடாதீர்கள். நான் தோள்வலி இல்லாமல் தூங்குவது அதனால்தான். அதற்குமேல் நல்லதாகச் சொல்ல என்னிடம் எதுவுமில்லை.

நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். அவர் காலையில் பெரட்டுக்குப் (வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு) போனதும் செம்பைத் தள்ளி வைத்துவிடுவேன். தாகம் எடுத்தால், அவர் வர இன்னும் எவ்வளவு நேரமென்று முதலில் கடிகாரத்தைப் பார்க்கிறேன்.