பவளராணியின் விலாசம்

ஹந்தானை மலையில் இருபத்தாறு வருடம் தேயிலைக் கொழுந்தெடுத்த பவளராணி, அதுவரை யாரையும் எதிர்த்து ஒரு வரி எழுதியதில்லை. மின்கம்பி கொண்டுபோக மேலேயுள்ள காட்டை அகலமாக வெட்டப்போகிறார்கள், அதற்காகக் காட்டுப் பாதுகாப்புத் திட்டத்தையே திருத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் எழுதினார். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில், பீலிக் குழாயில் விழும் தண்ணீர் அந்தக் காட்டு ஊற்றிலிருந்துதான் வருகிறது.

ஆட்சேபம் தெரிவிக்கக் கடைசி நாள். கண்டி வன அலுவலகத்தில் எழுதுவினைஞர் ஹில்மி கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

“விலாசம் இல்லையேம்மா. இல்லாட்டிப் பதிய ஏலாது.”

“லயத்துக்கு ஏது சேர் விலாசம்? எங்க கடுதாசியெல்லாம் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும். அவங்க குடுத்தா உண்டு.”

“வீட்டு நம்பராவது இருக்கா?”

“அதுவும் இல்ல.”

சுவரில் திட்ட வரைபடம் தொங்கியது. ஓடையை வைத்துத் தன் இடத்தைத் தேடிப் பிடித்தார் பவளராணி. லயத்தையே காணவில்லை. அது இருக்கவேண்டிய இடத்துக்கு மேலே ஒரு மின்கோபுரக் குறியும் 14 என்ற இலக்கமும் மட்டும் இருந்தன.

“இன்னும் கட்டாத டவருக்கெல்லாம் நம்பர் போட்டிருக்கீங்க!”

ஹில்மியின் பேனையை வாங்கி, விலாசத்துக்கான இடத்தில் அழுத்தி எழுதினார்:

‘பதினான்காம் இலக்க மின்கோபுரத்துக்குக் கீழே, ஹந்தானை.’