ஒன்றும் கேட்காத ஒலிப்பதிவு

என் போனில் ஒரு ஒலிப்பதிவு இருக்கிறது. அழுத்தினால் கோடு நகரும், ஒன்றும் கேட்காது. போன் மாற்றும்போதெல்லாம் படங்களுக்கும் பாட்டுகளுக்கும் முன்னால் அதைத்தான் பத்திரமாக எடுத்து வைப்பேன். ஒருமுறை என் நண்பன் ஒருவன் போனைச் சரிசெய்து தருகிறேன் என்று வாங்கிப் பார்த்துவிட்டு, "இது காலியா கெடக்குடா, அழிச்சிடட்டா? எடமாவது மிச்சமாவும்" என்றான். பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டேன். அது காலி இல்லை. அதில் பனி விழுந்துகொண்டிருக்கிறது. காதோடு ஒட்ட வைத்துக் கேட்டால், கடைசியில், பதிவை நிறுத்துவதற்குச் சற்று முன்பு, ஒரு பெண் மூச்சு விடுவது மட்டும் கேட்கும். அவரை எங்கள் வாசகர் குழுவில் எல்லோரும் சிஸ்டர் என்று கூப்பிட்டோம். முகம் பார்த்ததில்லை.

அப்போது நான் செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பக்கத்தில் ஒரு விடுதியில் வரவேற்பு மேசை வேலை பார்த்தேன். கீழ்பென்னாத்தூர் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துப் படியேறிய முதல் ஆள் நான்தான். அப்பாவும் அம்மாவும் வேர்க்கடலைக் காட்டோடு சரி. பாடப் புத்தகம் என்றால் எனக்குத் தெரியும், பரீட்சைக்கு மனப்பாடம் செய்வது தெரியும். ஒரு புத்தகத்தை யாரும் கேள்வி கேட்கப்போவதில்லை என்று தெரிந்தும் படிக்கலாம் என்பது தெரியாது. விடுதியில் தங்கியிருந்த ஒரு வெளிநாட்டு அம்மா ஒரு நாள், எங்கள் நாட்டுக் கதை எதையாவது படித்திருக்கிறாயா என்று கேட்டார். இல்லை என்றேன். அவருக்கு அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை, சாவியை வாங்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார். எனக்குத்தான் ஏதோ போலிருந்தது. எத்தனையோ நாட்டுக்காரர்களுக்குச் சாவி எடுத்துக் கொடுத்திருக்கிறேன், ஒரு நாட்டுக்குள்ளும் போனதில்லை. மதியத்தில் எல்லோரும் தியானத்துக்கோ தூக்கத்துக்கோ போய் விடுதி அடங்கியதும், அந்த நாட்டின் பெயரோடு 'நாவல் தமிழில்' என்று சேர்த்துப் போனில் தேடினேன். அது எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போய், கடைசியில் ஒரு வாசகர் குழுவின் வாசலில் விட்டது.

அந்தக் குழுவில் சொந்தப் பெயர், ஊர், வேலை, சாதி எதையும் யாரும் யாரையும் கேட்கக் கூடாது. ஒரு மொழிபெயர்ப்பு நாவலை எடுத்துக்கொண்டு வாரம் ஒரு அத்தியாயம் படிப்போம். ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொருவரும் தாங்கள் 'நின்ற இடத்தை' எழுத வேண்டும். படித்துக்கொண்டே வரும்போது எந்த வரியில் கால் நின்றது, ஏன் நின்றது, அவ்வளவுதான். ஒருவர் ஒரு நாவலில் வந்த ரொட்டியின் வாசனையில் நின்றிருப்பார், இன்னொருவர் ஒரு கிழவரின் பொத்தான் அறுந்த சட்டையில். சிஸ்டர் ஒருமுறை போர்க்களத்துக் காயம் ஒன்றில் நின்று, இதற்கு இப்படியா கட்டுப் போடுவார்கள் என்று எழுதினார். அன்றிலிருந்து அவர் பெயர் சிஸ்டர் ஆகிவிட்டது. ஏதோ ஒரு குளிர் நாட்டில் நர்ஸாக இருக்கிறார் என்பது மட்டும் அவர் ட்யூட்டி முடிந்து எழுத வரும் நேரங்களிலிருந்தும், நடுவே குளிரைப் பற்றிப் போடும் ஓரிரு வரிகளிலிருந்தும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அந்த மாதங்களில் நான் பாதி இங்கும் பாதி அங்குமாகத்தான் இருந்தேன். பார்க்காத ஊர்களை எதைக் கொண்டு கட்டுவது? என்னிடம் இருந்ததைக் கொண்டுதான் கட்டினேன். எந்த நாவலில் மலை வந்தாலும் அது எங்கள் மலைதான், மேகம் உச்சியில் தட்டி நிற்கும். துறைமுகம் என்றால் பௌர்ணமியன்று திமிறும் எங்கள் பஸ் ஸ்டாண்டு, கொஞ்சம் தண்ணீர் மட்டும் சேர்த்துக்கொண்டேன். பிரபுக்கள் நடனமாடும் கூடத்துக்குக் கீழ்பென்னாத்தூரில் நான் பார்த்த கல்யாண மண்டபம். பஸ் வேங்கிக்காலைத் தாண்டும்போது கலெக்டர் ஆபீஸ் பக்கம் மனுக்களோடு நிற்கும் கூட்டம், ஒரு நாவலில் மன்னிப்புக் கேட்டு அரண்மனை வாசலில் நின்ற குடியானவர்களாகத் தெரிந்தது. கண்டக்டர் வந்து தட்டினால்தான் ஊர் திரும்பி வரும்.

அப்படித்தான் அந்த வடக்கு நாட்டு நாவலும் வந்து சேர்ந்தது. மாவட்ட நூலகத்தில் எடுத்தேன். ஒரு மகன் அப்பாவோடு மனஸ்தாபப்பட்டு, விடியற்காலையில் வீட்டை விட்டுப் போகிறான். வெளியே பனி கொட்டுகிறது. உள்ளே அப்பா போர்த்திப் படுத்திருக்கிறார், எழுந்திருக்கவில்லை. காலையில் கதவில் பாதிக்குமேல் பனி ஏறி மூடியிருக்கிறது, மகனின் கால்தடம்கூட இல்லை. நான் அங்கேதான் நின்றேன். நின்று, குழுவில் ஒரு பக்கத்துக்கு எழுதினேன். இந்த அப்பா தூங்கவில்லை, தூங்குவதுபோலப் படுத்திருக்கிறார். கதவை மூடுகிற அளவுக்குப் பனி கொட்டும்போது அந்தச் சத்தத்தில் ஒரு மனிதன் எப்படித் தூங்க முடியும், அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார் என்று.

மார்கழிப் பனிக்குச் சத்தமில்லை என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் அது புல்மேல் படிவது. கதவை மூடுமளவுக்கு வானத்திலிருந்து வந்து விழுகிற ஒன்று சத்தமில்லாமல் எப்படி விழும்? எங்கள் வீடு தகர ஷீட்டுப் போட்ட வீடு. மேலே இருந்து எது விழுந்தாலும், மழையோ முருங்கைக் காயோ, முதலில் சத்தமாகத்தான் உள்ளே வரும்.

முதல் பதில் உடனே வந்தது. "தம்பி, ஸ்னோவுக்குச் சத்தமே கிடையாது. படத்துலகூடவா பாக்கல?" பின்னாலேயே இன்னொருவர், "தோழர் ஊர்ல பனி இடி மின்னலோட பெய்யும்போல" என்றார். அதன்கீழ் சிரிக்கிற முகங்கள் வரிசையாக வந்து உட்கார்ந்தன. யாரும் என்னை விரட்டவில்லை, வைதுவிடவில்லை. சிரித்தார்கள், அவ்வளவுதான். ஆனால் எனக்குக் காது சுட்டது. படங்களில் பனி வரும்போதெல்லாம் பாட்டும் சேர்ந்து வருகிறதே, நான் என்னத்தைக் கண்டேன்? ஊரும் சாதியும் கேட்காத இடத்தில் என் கூரையை நானே காட்டிக்கொடுத்துவிட்டதுபோல இருந்தது. இவர்கள் பார்த்துவிட்டுப் படிக்கிறார்கள், நான் பார்க்காமல் படிக்கிறேன், இது நமக்கான இடமில்லை என்று முடிவு செய்தேன். பாதிகூடப் படிக்காத நாவலை நூலகத்தில் திருப்பிக் கொடுக்கப் பைக்குள் போட்டேன். குழுவை விட்டு வெளியேற ஒரு பொத்தான்தான், அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு மேசையில் உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் சிஸ்டரிடமிருந்து தனியாக அந்த ஒலிப்பதிவு வந்தது. கூடவே ஒரு வரி: 'இப்ப இங்க பேயுது. பால்கனியில வச்சு எடுத்தேன். கேட்டுப் பாருங்க.'

கேட்டேன். ஒன்றுமில்லை. இயர்போன் கெட்டுவிட்டதென்று அடுத்த காதுக்கு மாற்றினேன். ஒலியை முழுக்க ஏற்றினேன். கடைசியில் அந்த மூச்சு. "ஒண்ணும் கேக்கலீங்க சிஸ்டர்" என்று அனுப்பினேன்.

"அதாங்க அது" என்று பதில் வந்தது.

வெளியே செங்கம் ரோட்டில் ஆட்டோக்கள் கத்திக்கொண்டு போயின. நான் மறுபடி கேட்டேன். உலகத்தில் இவ்வளவு பெரிய சம்பவம் ஒன்று இத்தனை அமைதியாக நடந்துகொண்டிருக்கிறது என்பதை முதல் தடவையாக நம்பினேன். எங்கள் ஷீட்டு வீட்டில் மழை பெய்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது, அதனால்தான் அப்படி எழுதிவிட்டேன் என்று அவருக்குச் சமாதானம் சொன்னேன். "அப்ப அத எனக்கு அனுப்புங்க. நானும் ஷீட்டு வீட்லதான் பொறந்தேன், செய்யாறு பக்கம். கேட்டு ரொம்ப வருஷம் ஆவுது" என்றார். குழுவின் விதியை அவரே உடைத்தார், எனக்காக.

மழை வந்தது ஒரு பௌர்ணமியன்று. ஊரில் கிரிவலக் கூட்டம் நிறைந்துவிட்டால் சுற்று வட்டாரம் முழுக்க போனில் எதுவும் போகாது. நான் வீட்டு வாசற்படியில் நின்று போனை மேலே தூக்கிப் பிடித்துப் பதிவு செய்தேன். தகரத்தில் மழை அறைகிற சத்தம், அதன் நடுவே அம்மா, "அந்தக் குண்டான எடுத்து ஒழுவுற எடத்துல வையேண்டா" என்று கத்துவது, அப்பா இருமுவது. அனுப்பியது போகாமல் அப்படியே நின்றது. மறுநாள் கூட்டம் கலைந்து பஸ்கள் கிளம்பிய பிறகுதான் போய்ச் சேர்ந்தது. கேட்டுவிட்டார் என்பது தெரிந்தது. பதில் இல்லை. அன்றும் இல்லை, அடுத்த நாட்களிலும் இல்லை. இதற்கும் ஏதோ தப்பாகச் செய்துவிட்டோம்போல என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு மதியம் நீளமாகப் பேசி அனுப்பியிருந்தார். வெளிநாட்டு வேலைக்குப் போகக் கூடாது என்று அவருடைய அப்பா பிடிவாதமாக இருந்தாராம். கிளம்பும் வாரம் முழுக்கப் பேச்சில்லை. விடியற்காலையில் விமான நிலையத்துக்கு வேன் வந்து நின்றபோது அடைமழை. அம்மா அழுதார், தம்பி பெட்டியை ஏற்றினான், அப்பா சுவர்ப் பக்கம் திரும்பி, போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். வாசலில் நின்று சிஸ்டர் ஒருமுறை கூப்பிட்டாராம், அப்பா எழுந்திருக்கவில்லை. பெற்ற பெண் போகிற நாளில்கூடத் தூங்குகிற மனுஷன் என்றுதான் இத்தனை வருஷமாக மனதில் வைத்திருந்தார். வாரம் தவறாமல் வீட்டுக்குப் பேசினாலும் அப்பாவிடம் போனைக் கொடு என்று கேட்டதில்லை.

"நீங்க அனுப்புன மழைய ரூம்ல சத்தமா வச்சுக் கேட்டேங்க. பக்கத்து ரூம்காரங்க வந்து கதவத் தட்டிட்டாங்க. அப்பத்தான் எனக்குத் தோணுச்சு. இந்தச் சத்தத்துல எப்படித் தூங்க முடியும்? நீங்க அந்தக் கதையில சொன்னதுதான்." அன்றைக்கே வீட்டுக்குப் போன் செய்து அப்பாவிடம் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். நான் கிளம்பின அன்னைக்கு முழிச்சிட்டுதான் இருந்தியா என்று கேட்டிருக்கிறார். அதற்கு அவர் அப்பா, "அந்த மழையில எவனாவது தூங்குவானாம்மா?" என்றாராம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சிஸ்டர் குழுவில் இரண்டே வரி எழுதினார். நானும் அதே இடத்தில்தான் நின்றேன், அந்த அப்பா தூங்கவில்லை என்றுதான் எனக்கும் படுகிறது என்று. ஏன் என்று சொல்லவில்லை. என்னைக் கேலி செய்தவர் அதற்கு ஒரு இதயம் போட்டுவிட்டுப் போனார். நான் பைக்குள் போட்டிருந்த புத்தகத்தை எடுத்து விட்ட இடத்திலிருந்து படித்தேன்.

இப்போது அந்தக் குழு இல்லை. இப்படிப்பட்ட குழுக்கள் கலைவதற்கு ஒரு சண்டைகூட வேண்டியதில்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரும் நிற்பதில்லை, அவ்வளவுதான். சிஸ்டர் அதற்கு முன்பே போய்விட்டார். ஊருக்குத் திரும்பப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார், பிறகு அந்த எண் இல்லாமல் போனது. நான் எத்தனையோ நாடுகளைப் படித்துவிட்டேன். இன்னும் எங்கள் மலையையும் பஸ் ஸ்டாண்டையும் கொண்டுதான் அவற்றைக் கட்டுகிறேன், இப்போது அதில் வெட்கம் இல்லை.

எங்கள் வீடும் மாறிவிட்டது. தகரத்தை இறக்கிவிட்டுத் தளம் போட்டோம். இந்த ஐப்பசியில் ஒரு மதியம் நல்ல மழை, உள்ளே ஒரு சத்தமும் இல்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தால்தான் பெய்வது தெரிகிறது. பெங்களூரில் வேலை கிடைத்து மறுநாள் நான் கிளம்ப வேண்டியிருந்தது. இங்கே இல்லாத வேலையா அங்கே இருக்கிறது என்று அப்பாவுக்குக் கோபம், காலையிலிருந்து முகம் கொடுத்துப் பேசவில்லை. சாப்பிட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். கட்டிவைத்த பையின் மேல் உட்கார்ந்து, அந்த ஒலிப்பதிவை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டேன். வெளியே சத்தமில்லாமல் மழை, காதுக்குள் சத்தமில்லாமல் பனி.

"என்னடா, ரொம்ப நேரமா போனக் காதுல வச்சிருக்க. அந்தப் பக்கம் யாரும் பேசலியா?" என்றார் அப்பா, திரும்பாமலே.

தூங்குகிறார் என்றுதான் நினைத்திருந்தேன்.