பன்னிரண்டாவது பறவை

என் அக்கா வீட்டில் முட்டை அவிக்கக் கூடாது. ரப்பர் பேண்ட் உள்ளே வரக் கூடாது. கம்பளிச் சட்டை போட்டிருந்தால் வாசலிலேயே கழற்றிவிட வேண்டும். புதிதாக வருகிறவர்கள், வீட்டில் யாருக்கோ தீராத வியாதி என்று நினைத்துக் குரலைத் தாழ்த்தி விசாரிப்பார்கள். வியாதி உண்மைதான், ஆனால் ஆளுக்கு இல்லை, வெள்ளிக்கு. முட்டையிலும் ரப்பரிலும் கம்பளியிலும் கந்தகம் இருக்கிறதாம். கந்தகக் காற்றுப் பட்டால் வெள்ளி கறுத்துவிடுமாம். அதனால் என் அக்கா மகள், ஒன்றாம் வகுப்பிலிருந்து பள்ளி முடிக்கும்வரை துணி நாடாவில்தான் சடை கட்டிக்கொண்டு போனாள்.

இந்தச் சட்டமெல்லாம் போட்டவர் அக்காவின் வீட்டுக்காரர், எனக்கு அத்தான். பல்செட் செய்கிற கூடத்தில் வேலை. பல் டாக்டர்கள் வாயின் அச்சை எடுத்து அனுப்புவார்கள், இவர் அதற்குப் பொருத்தமாகப் பல் கட்டி, தேய்த்து, மெருகேற்றி அனுப்புவார். ஊரில் பாதிப் பேர் சிரிக்கிற சிரிப்பு அத்தானின் கைவேலை. ஆனால் அவர் சிரித்து நான் பார்த்தது வருஷத்துக்கு ஒருமுறைதான். அது பறவை வந்து இறங்குகிற அன்று.

பறவை என்றால் பறக்கிற பறவை இல்லை. கடல் தாண்டி எங்கோ இருக்கிற ஒரு நாணயச்சாலை, வருஷத்துக்கு ஒன்று என்று பன்னிரண்டு பறவைகளை வெள்ளிக் காசில் அடித்து விற்கப்போவதாக அறிவித்தது. அந்தக் காசைக் கொண்டுபோய்க் கடையில் ஒரு தீப்பெட்டிகூட வாங்க முடியாது. வெள்ளிக்கு எடை விலை ஒன்று, அதற்கு மேல் பறவையின் முகத்துக்கு விலை ஒன்று. முதல் வருஷம் ஆந்தை வந்தது. அத்தான் ஆந்தையைப் பார்த்தார், ஆந்தை அத்தானைப் பார்த்தது, குடும்பம் தொலைந்தது.

அந்த வீட்டில் இரண்டே அறைகள். பெரியதில் அக்காவும் அத்தானும். சின்னதில் காசுகள். வீட்டில் இருக்கிற ஒரே ஏசி அந்தச் சின்ன அறையில்தான் ஓடும். ஈரக் காற்று வரக் கூடாது என்று ஜன்னலைச் சாத்தி, இடுக்கெல்லாம் டேப் ஒட்டியிருந்தார். மகளுக்கு ஹால் சோபா. ஒரு பக்கம் மிக்ஸி, ஒரு பக்கம் டிவி, தலைமாட்டில் வாசல் மணி. பரீட்சை நேரத்தில் அந்தப் பிள்ளை வியர்வையைத் துடைத்துக்கொண்டு படிக்கும்போது, உள்ளே ஆந்தைக்கும் கொக்குக்கும் ஏசி ஓடும். பார்க்கிற எனக்கு வயிறு எரியும்.

கேட்டும் பார்த்தேன். "ஏன் அத்தான், புள்ளைக்கு ஒரு அறை வேண்டாமா?"

"ஹால்ல நல்லா காத்து வருதே மச்சான்!" என்பார். அந்த ஹாலுக்கு ஜன்னல் என்று ஒன்றே கிடையாது.

மகளுக்குப் பிறந்தநாள் வந்தால் மட்டும் காசு அறையில் நுழைய அனுமதி. அதற்கும் முறை இருந்தது. "வா கண்ணு. கையைப் பின்னாடி கட்டிக்கோ. எதையும் தொடாதே. பேசாதே, எச்சில் தெறிக்கும்." இவர் வெள்ளைப் பருத்திக் கையுறை மாட்டிக்கொண்டு, கண்ணாடிச் சிமிழ்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் காட்டுவார். இது ஆந்தை, இது கொக்கு, இது மரங்கொத்தி. பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்துவிட்டு வெளியே வந்து மூச்சு விடும். இப்படிக் காசு சேர்க்கிறவர்கள் போனில் வைத்திருந்த குழுவில் அத்தானுக்குப் பெயரே 'கையுறை'தான்.

ஆறாவது பறவை வந்த வருஷம் அவள் நேராகவே கேட்டுவிட்டாள். "எனக்கு எப்போப்பா ரூம்?"

"பன்னெண்டும் சேரட்டும் கண்ணு. சேர்ந்ததும் மொத்தமா பேங்க் லாக்கர்ல வெச்சிடறேன். அறை உனக்குத்தான். சத்தியம்."

"இப்பவே ஆறையும் லாக்கர்ல வெச்சா என்ன?"

"முழுசாகாத செட்டை யாராவது லாக்கர்ல வெப்பாங்களா?" என்று அத்தான் என்னைப் பார்த்தார். நான் என்ன கண்டேன்? என் கடையில் நான் போன் ரிப்பேர் பார்க்கிறவன். அன்றிலிருந்து அந்த வீட்டில் எல்லோரும் பறவைகளை எண்ணத் தொடங்கினோம். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். இந்தப் பிள்ளையின் வளைக்கு ஆறு பறவை பாக்கி.

புதுப் பறவை வருகிறது என்றால் சில மாதம் முன்பே குழுவில் காய்ச்சல் தொடங்கிவிடும். முதலில் யாராவது படத்தைக் கசியவிடுவார்கள். உடனே சண்டை. அலகு நீளம், வால் குட்டை, விளிம்பில் போன வருஷம் இருந்த புள்ளிகளைக் காணோம். குழுவின் தலைவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். அவர் ஒரு பக்கத்துக்குக் கண்டனம் எழுதுவார். "இந்த வருஷம் நான் வாங்கப்போவதில்லை" என்று சபதம் போடுவார். வாங்க மாட்டேன் என்று சபதம் போட்டவர்தான் வரிசையில் முதல் ஆளாக நிற்பார். அப்புறம் தேதியைத் தள்ளிவைப்பார்கள். எல்லோரும் நாணயச்சாலையைத் திட்டுவார்கள். புதுத் தேதி வந்ததும் திட்டியதை மறந்து, நன்றி சொல்லிக் கைகூப்பும் படம் போடுவார்கள். ஆசை வெட்கம் அறியாது என்று சும்மாவா சொன்னார்கள்?

விற்றுத் தீர்ந்தபின் வெளியில் மூன்று மடங்கு விலைக்குக் கிடைக்கும். அதை அத்தான் தொட மாட்டார். "கை மாறின காசு, கை மாறின காசுதான் மச்சான்" என்பார், ஏதோ பெரிய ஒழுக்கம்போல.

பன்னிரண்டாவது பறவை மீன்கொத்தி என்று அறிவிப்பு வந்தபோது அக்கா மகளுக்குப் பதினெட்டு முடிந்திருந்தது. ஆளுக்கு ஒன்றுதான் என்பது விதி. அதனால் அத்தான், அக்கா, மகள், நான் என்று நான்கு பேர் பெயரிலும் நாணயச்சாலையின் இணையதளத்தில் பதிந்துவைத்தார். நான்கு போன் களத்தில் இறங்கினால் ஒன்றாவது தேறும் என்பது கணக்கு. அன்றைக்கு அவர் வேலைக்கு லீவு. யாரோ ஒரு பெரியவர் பல்செட்டுக்குக் காத்திருக்கிறார் என்று போன் வந்தது. "ஒரு நாள் பால் குடிக்கட்டும்" என்று வைத்துவிட்டார்.

காலையிலேயே தலைக்குக் குளித்து, புதுக் கையுறை மாட்டிக்கொண்டு போனின் முன்னால் உட்கார்ந்தார். விற்பனை தொடங்கியது. ஒவ்வொருவர் திரையிலும் தனக்கு முன்னால் எத்தனை ஆயிரம் பேர் என்று ஓடியது. என் போன் அப்படியே உறைந்து நின்றது. ரிப்பேர்க்காரன் போன், சொல்லவா வேண்டும்! அக்காவின் போன், நீங்கள் மனிதர்தானா என்று நிரூபிக்கச் சொல்லிச் சின்னச் சின்னப் படங்களைக் காட்டியது.

"நான் மனுஷிதான்னு இந்த வீட்லயே யாரும் ஒத்துக்கலை. இவனுக்கு நான் நிரூபிக்கணுமாக்கும்!" என்று அக்கா போனைக் கவிழ்த்துவிட்டு எழுந்து போனாள்.

அத்தான் மட்டும் வரிசையில் விறுவிறுவென்று முன்னேறினார். அவர் முறையும் வந்துவிட்டது. 'வாங்கு' என்ற பச்சைப் பொத்தான் எழுந்தது. அமுக்கினார். அசையவில்லை. மறுபடி அமுக்கினார்.

"அமுக்குங்க அத்தான்!"

"அமுக்கறேன்டா, போக மாட்டேங்குது!"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பருத்தித் துணிக்குப் போன் திரை மசியுமா? "ஐயோ அத்தான், கையுறையைக் கழட்டுங்க!" என்று கத்தினேன். புதுக் கையுறை, விரலைக் கவ்விக்கொண்டது. பல்லால் கடித்து இழுத்தார். அது கழன்று விழுந்தபோது, நேரம் கடந்துவிட்டது, வரிசையின் கடைசிக்குச் செல்லவும் என்று திரை சொன்னது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். அன்று கைக்கே எட்டவில்லை. வாயில் கையுறையைத் தொங்கவிட்டுக்கொண்டு மனிதர் உட்கார்ந்திருந்ததைப் பார்க்கச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் பாவமாகவும் இருந்தது.

சோபா மூலையிலிருந்து அக்கா மகள் நிதானமாகச் சொன்னாள். "கிடைச்சிடுச்சு."

"என் தங்கம்!" என்று அத்தான் அலறினார். வெள்ளியைத் தவிர வேறொரு உலோகத்தை அவர் வாயால் பாராட்டிக் கேட்டது அன்றுதான்.

பார்சல் வந்த அன்று நானும் இருந்தேன். அவள் பெயருக்கு வந்தது, அவள்தான் கையெழுத்துப் போட்டாள். வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு சோபாவில் போய் உட்கார்ந்தாள். அத்தான் கையுறையோடு வந்து இரண்டு கையையும் நீட்டினார்.

"கொடு கண்ணு."

"ரூம்?"

"முதல்ல செட்டு சேரட்டும்மா. நான் வாக்குத் தவறுவேனா?"

"சேரட்டும், சேரட்டும்னு ஆறு வருஷமாச்சுப்பா. ரூமைக் காலி பண்ணுங்க, தரேன்."

"பணம் கட்டினது நான்!"

"பேர் என்னோடது. ஆளுக்கு ஒண்ணுன்னு அவங்கதானே போட்டிருக்காங்க?" என்றாள். பிறகு, குரலை உயர்த்தாமலே, "இல்லேன்னா இப்பவே பிரிச்சு வெறும் கையால தொட்டுப் பார்ப்பேன்" என்றாள்.

அத்தான் முகம் வெளுத்துவிட்டது. வெள்ளிக் காசில் விரல் ரேகை பட்டால் அது அழியவே அழியாதாம். அழிக்கத் தேய்த்தால் காசே போச்சாம். நாளெல்லாம் பல்லைத் தேய்த்துப் பளபளக்க வைக்கிற மனுஷருக்கு வீட்டில் தேய்ப்பு என்பது கொலைக்குற்றம்.

சமையலறையிலிருந்து அக்கா குரல் கொடுத்தாள். "கட்டைவிரலை நல்லா அழுத்தி வை பாப்பா!"

சாயங்காலத்துக்குள் அறை காலியானது. பதினொரு பறவைகளும் ஹால் அலமாரிக்கு இடம்பெயர்ந்தன. செட் இன்னும் சேராததால் லாக்கருக்குப் போக முடியாதே, சட்டம் அவர் போட்டதுதானே! அவள் தன் துணிமணி, புத்தகம், தலையணையோடு உள்ளே போனாள். போகும்போது பார்சலை அப்பா கையில் வைத்துவிட்டுக் கதவைத் தாழ்போட்டாள். அந்தத் தாழ்ப்பாள் சத்தம் என் காதுக்கு அவ்வளவு இனிப்பாக இருந்தது.

அத்தான் பார்சலைப் பிரித்தார். சிமிழைத் திறக்காமலே விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே சோபாவில் சாய்ந்துவிட்டார். மீன்கொத்தியின் அலகு நுனியில் வெள்ளையாக ஒரு பொட்டு, பால் தெளித்ததுபோல. குழுவில் படம் போட்டார். "பால் புள்ளி! ஆழ்ந்த அனுதாபங்கள்" என்று பூதக்கண்ணாடி எழுதினார். நாணயச்சாலைக்குப் புகார் போனது. வெள்ளிக் காசில் இப்படி வருவது இயற்கை, மாற்றித் தருவதற்கில்லை என்று பதில் வந்தது.

அத்தான் மூடிய கதவுக்கு முன்னால் போய் நின்றார். "கண்ணு, இது பன்னெண்டுன்னு கணக்குல வராது. மிஞ்சிப்போனா பதினொண்ணேமுக்கால்."

"மிச்சம் கால் வரட்டும்பா, அப்போ கால் ரூம் தரேன்" என்று உள்ளிருந்து பதில் வந்தது.

புள்ளி விழுந்ததால் செட் முழுமையாகவில்லை. முழுமையாகாததால் லாக்கர் இல்லை. லாக்கர் இல்லாததால் காசுகளுக்குக் காவலாக அத்தான் ஹால் சோபாவிலேயே படுக்கத் தொடங்கினார். மிக்ஸி ஓடும்போது துள்ளி எழுந்தார். வாசல் மணி அடித்தால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். பனியனை முறுக்கிப் பிழிகிற அளவுக்கு வியர்த்தது. ஒருநாள் மதியம் மகளிடம், "என்னம்மா இது, மனுஷன் படுக்கிற இடமா?" என்றார்.

"ஹால்ல நல்லா காத்து வருமேப்பா" என்றாள் அவள். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. அத்தான் பனியனைப் பிழியப் போனார். அதற்குப் பிறகு அவர் ஹாலைப் பற்றிக் குறை சொல்லி நான் கேட்டதில்லை.

சும்மா இருந்திருந்தால் கதை அங்கே முடிந்திருக்கும். நாணயச்சாலை சும்மா இருக்குமா? சேகரிப்பாளர்களின் பேராதரவை முன்னிட்டு, அடுத்து பன்னிரண்டு மீன்கள் என்று அறிவித்தது. மீன்கொத்தியைக் காட்டிவிட்டு மீனைக் காட்டுகிறான், பாருங்கள் அவன் சாமர்த்தியத்தை! அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "ஒரு பன்னெண்டுக்கே என் பாதி ஆயுசு போச்சு."

முதல் மீன் விற்பனைக்கு வருகிற காலை, அத்தான் என்னையும் என் போனையும் வரச் சொல்லியிருந்தார். விற்பனை தொடங்கச் சற்று முன்னால் என்னை இழுத்துக்கொண்டு மகளின் அறைக்குப் போனார். "அவ கைராசிக்காரிடா. அவ பேர்லயும் ஒண்ணு போட்டாத்தான் கிடைக்கும்" என்றார். கதவைத் தட்டினார். கையுறை மாட்டிய கை, சத்தமே எழவில்லை. கழற்றிவிட்டு மறுபடி தட்டினார்.

"யாரு?"

"நான்தான்மா. உள்ள வரலாமா?"

அந்த வீட்டில் அவர் அனுமதி கேட்டு நான் கேட்டது அதுதான் முதல்முறை. தாழ்ப்பாள் விலகியது. அவள் அப்பாவை மேலும் கீழும் பார்த்தாள்.

"வாங்கப்பா. கையைப் பின்னாடி கட்டிக்கோங்க. எதையும் தொடக் கூடாது."

அத்தான் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். மனிதர் போனோடு சேர்த்துக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு உள்ளே போனார். ஏசி நின்றிருந்தது. டேப்பையெல்லாம் உரித்து ஜன்னலை அகலத் திறந்து வைத்திருந்தாள். வெயில் கட்டில் வரைக்கும் வந்திருந்தது.

அவள் ஒவ்வொன்றாகக் காட்டினாள். "இது என் மேசை. இது என் புத்தகம். இது என் சீப்பு. இதெல்லாம் ரப்பர் பேண்டு." ஜன்னல் கம்பியில் வரிசையாக மாட்டியிருந்தாள், சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று. அதைப் பார்த்ததும் அத்தான் ஓர் அடி பின்வாங்கினார்.

முதுகுக்குப் பின்னால் போன் அதிர ஆரம்பித்தது. விற்பனை தொடங்கிவிட்டது. அவர் தோள் இழுத்தது, ஆனால் கையை அவிழ்க்கவில்லை. பின்னால் நின்றதால் திரை எனக்குத்தான் தெரிந்தது. அவர் முறை வந்தது, பச்சைப் பொத்தான் எழுந்தது, கொஞ்ச நேரம் மின்னிவிட்டு அணைந்தது. விற்றுத் தீர்ந்தது என்று எழுதிக் காட்டியது.

"அத்தான், போச்சு" என்றேன்.

அவர் திரும்பவில்லை. ஜன்னல் பக்கம் முகத்தை நீட்டிக்கொண்டு நின்றார். முன்தலையில் இருந்த நாலு முடி பறந்துகொண்டிருந்தது.

"இங்க நல்லா காத்து வருதே கண்ணு" என்றார்.

"ஜன்னலைத் திறந்தா வரும்ப்பா" என்றாள் அவள்.