இழுத்தால் தாங்கும், அமுக்கினால் பிரியும்

வைட்ஃபீல்டில் ஒரு மெட்டீரியல் டெஸ்டிங் லேபில் பல வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிற ஒரு விஷயம் இது.

புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை கொடுக்கும்போது நோயாளி படுக்கிற மேஜைப் பலகையைக் கார்பன் ஃபைபரில் செய்வார்கள். கதிர் தினமும் அதன் வழியாகவும் போகும். பலகை வருடக்கணக்கில் வாங்கக்கூடிய கதிரை அதன் மாதிரித் துண்டுகளுக்கு மொத்தமாகக் கொடுத்து, அவற்றை ஒரு கம்பெனி எங்களுக்கு அனுப்பியது. கேட்டது டென்சைல் டெஸ்ட் மட்டும். கார்பன் நார் ஓடும் திசையில் பிடித்து இழுத்தோம். பலம் குறையவே இல்லை.

எனக்கு மனம் ஒப்பவில்லை. கதிர் முதலில் கெடுப்பது நாரை அல்ல, நாரை ஒட்டிப் பிடித்திருக்கும் ரெசினை. அது நொறுங்குகிற பதத்துக்கு வந்துவிடும். மீதித் துண்டுகளை இரண்டு முட்டுகளின் மேல் வைத்து நடுவில் அமுக்கினேன். ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த கதிர் படாத துண்டு தாங்கிய பாரத்துக்கு வெகு முன்பே அடுக்கடுக்காகப் பிரிந்தது. கட்டுத் தளர்ந்த துடைப்பத்தில் குச்சியெல்லாம் முழுசாகத்தான் இருக்கும், பெருக்கத்தான் முடியாது.

மேனேஜர் மூர்த்தியிடம் காட்டினேன்.

"கஸ்டமர் கேட்டதுக்கு மட்டும் பதில் குடுங்க மேடம். டென்சைல் பாஸ். கையெழுத்து போடுங்க."

"அதுமேல ஆளு படுக்கப் போறாங்க சார். யாரும் புடிச்சு இழுக்கப் போறதில்ல."

"ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி," என்று கன்னடத்தில் சொல்லிச் சிரித்தார், கொஞ்சம் அனுசரித்துப் போங்கள் என்பதாக.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆள் உட்கார வரும்போது இந்த ஊரில் சொல்கிற பேச்சு அது. அங்கே நகர்ந்து கொடுக்கலாம், தப்பில்லை.

"அந்த மேஜைல படுக்கறவங்ககிட்ட என்ன சொல்வாங்க தெரியுமா சார்? அசையாம படுங்கன்னு. அவங்க எப்படி அட்ஜஸ்ட் பண்ணுவாங்க?"

இரண்டு முடிவும் இருந்தால்தான் கையெழுத்து என்றேன். மூர்த்தி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, கடைசியில் அப்படியே அனுப்பினார். கஸ்டமர் போனில் கத்தினார். பிறகு வேறு ரெசினில் செய்த துண்டுகள் வந்தன, இந்த முறை இரண்டு டெஸ்டும் கேட்டு. மீட்டிங்கில் மூர்த்தி, "நாமதான் கண்டுபிடிச்சோம்" என்றார். நாமளாம்.

இப்போது லேபில் சேருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பாஸ் என்று யாராவது ரிப்போர்ட்டை நீட்டினால், எந்தத் திசையில் இழுத்தீர்கள், அதன்மேல் யார் படுக்கப் போகிறார்கள் என்று கேளுங்கள். பதில் வரும்வரை பேனா மூடியைத் திறக்க வேண்டாம்.