சிறு திருத்தங்கள் மட்டும்

அந்த மனிதரை எனக்கு இன்றைக்கும் பிடிக்காது. அவருக்கும் என்னைப் பிடிக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைக் கேட்கிற எல்லோரும் "கடைசியில ராசி ஆயிட்டீங்கதானே?" என்று கேட்கிறார்கள். ஆகவில்லை.

நான் ஒரகடத்தில் ஒரு பெரிய தொழிற்சாலையின் ஆட்டோமேஷன் பிரிவில் வேலை பார்க்கிறேன். அதற்கு முன், படிப்பு முடிந்த கையோடு, வடக்குப்பட்டுப் பக்கம் ஒரு சிறிய ஒர்க்‌ஷாப்பில் இருந்தேன். கார் இருக்கைகளின் இரும்புச் சட்டங்களுக்கு போல்ட் போட்டு முடுக்கி அனுப்புகிற இடம். ஒவ்வொரு போல்ட்டும் எவ்வளவு இறுக்கமாக முடுக்கப்பட்டது என்ற பதிவை, சட்டத்தை வாங்கும் கம்பெனி கேட்கும். முடுக்குகிற டூலிலேயே அந்த அளவு வரும். ஆனால் அதைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவரும் மென்பொருளை விலைக்கு வாங்க அந்த மாதிரி இடங்களுக்கு வசதி கிடையாது.

தேடியபோது ஓர் இலவச நிரல் கிடைத்தது. சென்னையில் இருக்கும் அந்த மனிதர்தான் அதை எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் பொதுவாக வைத்திருந்தார். டூலோடு பேசி அளவை வாங்கித் தரும், அவ்வளவுதான் அதன் வேலை. அதன் மேல் நான் ஒரு திரையை எழுதினேன். எழுத்தெல்லாம் தமிழில், அளவு சரியாக இருந்தால் பச்சை, தவறினால் சிவப்பு. பழைய கம்ப்யூட்டரிலும் ஓடுகிற மாதிரி எல்லாவற்றையும் ஒரே பொதியாக்கி, அதை நானும் இலவசமாகவே வெளியிட்டேன். பிள்ளைப்பாக்கத்திலும் சுற்றுவட்டாரத்திலும் இருந்த சின்னப் பட்டறைகள் ஒன்றைப் பார்த்து ஒன்று எடுத்துக்கொண்டன. வேலை மாறிய பிறகும் அதை நான் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் யாராவது போன் செய்து "மேடம், ஸ்கிரீன் வரல" என்பார்கள். உட்கார்ந்து சரிசெய்வேன்.

அவருடைய நிரல் ஒவ்வொரு முறை வெளியாகும்போதும் அதற்குப் புள்ளி வைத்துப் பிரித்த மூன்று எண்கள் இருக்கும். முதல் எண் மாறினால் பழைய ஏற்பாடு உடையலாம், பார்த்து எடுங்கள் என்று அர்த்தம். கடைசி எண் மட்டும் மாறினால் சிறு திருத்தம், யோசிக்காமல் எடுத்துக்கொள்ளலாம். நானாகக் கற்பித்துக்கொண்டதல்ல, அவரே தன் பக்கத்தில் எழுதி வைத்திருந்தது. அதை நம்பித்தான், கடைசி எண் மாறும்போதெல்லாம் என் பொதி தானாகவே புதியதை எடுத்துக்கொள்ளும்படி அமைத்திருந்தேன்.

ஒருநாள் கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பழைய ஒர்க்‌ஷாப் முதலாளி போன் செய்தார்.

"இன்னாமா பண்ணி வெச்சிகீற? ஒரு லோடு மொத்தமா திரும்பி வந்துடுச்சி. போல்ட் எல்லாம் கையால சுத்துதாம். கஸ்டமர் மூஞ்சில காறித் துப்பாத குறை."

அன்று அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஓடினேன். கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தேன். அந்த ஒர்க்‌ஷாப்பில் இறுக்கத்தைப் பழைய கணக்கில், கிலோகிராம்-மீட்டரில்தான் பார்ப்பார்கள். அந்த போல்ட்டுக்கு ஐந்து வர வேண்டும். நிரலும் இத்தனை வருடங்களாக அந்தக் கணக்கில்தான் தந்துகொண்டிருந்தது. முந்தைய வாரம் வெளியான புதிய பதிப்பு அதையே நியூட்டன் மீட்டரில் தந்தது. அதே இறுக்கம், ஆனால் திரையில் ஐந்துக்குப் பதிலாக நாற்பத்தொன்பது. எல்லா போல்ட்டும் சிவப்பு.

மாறியிருந்தது கடைசி எண் மட்டும். வெளியீட்டுக் குறிப்பில் ஒரே வரி: சிறு திருத்தங்கள் மட்டும்.

அந்த டூலில் வேலை பார்த்தவர் வடக்குப்பட்டுக்காரப் பெண், என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். நான் அங்கே இருந்த காலத்திலிருந்தே பழக்கம். எல்லாம் சிவப்பாக வருகிறதே என்று ஷிஃப்ட் இன்சார்ஜுக்குப் போன் செய்திருக்கிறார். பச்சை வரும்வரை டூலின் இறுக்கத்தைக் குறைத்து வை என்று இன்சார்ஜ் சொல்லியிருக்கிறார். குறைத்தார். பச்சை வந்தது. அன்று முழுக்க, இருக்க வேண்டிய இறுக்கத்தில் பத்தில் ஒரு பங்கில் போல்ட் போட்டிருக்கிறார். பெட்டிகளின் ஸ்டிக்கரில் அந்தப் பெண்ணின் பணியாளர் எண் இருந்தது. லோடு திரும்பி வந்ததும், நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று இன்சார்ஜ் கையை விரித்துவிட்டார். அந்தப் பெண் கான்ட்ராக்ட் ஆள்தானே, அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

நல்லவேளை, ஒரு காரிலும் அந்தச் சட்டம் ஏறவில்லை.

பழைய பதிப்பைத் திரும்பப் போட்டேன். மற்ற பட்டறைகளுக்கெல்லாம் போன் செய்து நிறுத்தச் சொன்னேன். பிறகு நிரலின் பொதுப் பக்கத்தில், குறைகளைத் தெரிவிக்கும் இடத்தில், நடந்ததை எழுதினேன். மரியாதையாகத்தான் தொடங்கினேன். அவருடைய பதில் மறுநாள் வந்தது.

"இது மாற்றமில்லை, பிழைதிருத்தம். நியூட்டன் மீட்டரில் தரப்படும் என்றுதான் ஆவணத்தில் ஆரம்பத்திலிருந்து இருக்கிறது. ஆவணத்தைப் படிக்கவும்."

படித்தேன். ஒரு மூலையில் அப்படித்தான் இருந்தது. ஆனால் நிரல் ஒருநாளும் அப்படித் தந்ததில்லை. வருடக்கணக்காக ஒரு மாதிரி நடந்துகொண்ட ஒன்றை, அறிவிக்காமல் ஒரே நாளில் மாற்றிவிட்டு, காகிதத்தில் இருக்கிறதே என்றால் என்ன நியாயம்? அதையே கேட்டேன். இந்த முறை மரியாதை குறைந்திருந்தது. ஒரு பெண்ணுக்கு வேலை போனதையும் எழுதினேன். அவர் அந்த உரையாடலைப் பூட்டிவிட்டார். இனி யாரும் அதில் எழுத முடியாது. அந்த இணைப்பை என் பொதியைப் பயன்படுத்துகிறவர்களின் குழுவில் போட்டு, "இவருடைய லட்சணத்தைப் பாருங்கள்" என்று எழுதினேன்.

சில வாரங்கள் கழித்து, தண்டலம் பக்கம் ஒரு கல்லூரியில் ஓப்பன் சோர்ஸ் எனும் பொதுவில் பகிரப்படும் நிரல்கள் பற்றி ஒருநாள் கருத்தரங்கம் என்று போஸ்டர் பார்த்தேன். சிறப்பு விருந்தினர் அவர். முதல் ஷிஃப்ட் முடிந்ததும் கம்பெனி யூனிஃபார்மோடு, சேஃப்டி ஷூவோடு அப்படியே போனேன். கடைசி வரிசையில் இடம் கிடைத்தது. நாற்பது வயதிருக்கும், ஒல்லியாக, பேசும்போது கண்ணாடியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். பகிர்ந்து வாழ்வது பற்றி அழகாகப் பேசினார். பேசப் பேச எனக்கு எரிந்தது.

கேள்வி நேரத்தில் மைக்கை வாங்கினேன்.

"கடைசி எண் மட்டும் மாறினா எதுவும் உடையாதுன்னு நீங்கதான சார் எழுதி வெச்சிருக்கீங்க?"

"ஆமா மேடம்."

"அப்ப அளவை ஏன் மாத்துனீங்க?"

கண்ணாடியைக் கழற்றினார். "ஓ. நீங்கதானா அது."

"நான்தான்."

"பதில் எழுதிட்டேனே. தப்பா இருந்ததைத் திருத்தினேன். நாலு மாசம் முன்னாடியே இதைப் பத்திக் கருத்து கேட்டிருந்தேன். ஒருத்தரும் வாயைத் திறக்கல. நீங்களும்தான்."

"எங்க கேட்டீங்க? யாரும் போகாத ஒரு பக்கத்துல போட்டா எப்படித் தெரியும்? சரி, திருத்துங்க. முதல் எண்ணை மாத்திட்டுத் திருத்த வேண்டியதுதான? குறிப்புல ஒரு வரி எழுதறதுக்கு என்ன?"

"மேடம், நான் உங்ககிட்ட சம்பளம் வாங்கல. ஆபீஸ் முடிச்சு வந்து, என் புள்ளைங்க கூட இருக்க வேண்டிய நேரத்துல இதை எழுதறேன். எந்த உத்தரவாதமும் கிடையாதுன்னு உரிமத்துல கொட்டை எழுத்துல இருக்கு. ஓசியில எடுத்துக்கிட்டு, மைக்கைப் பிடிச்சு என்னை நிக்கவெச்சுக் கேக்கறீங்க."

"நானும் ஓசியிலதான் செய்யறேன் சார். ஆனா கீழ ஒருத்தர் நிக்கறாங்கன்னு தெரிஞ்சுதான் செய்யறேன்."

மாணவர்கள் சிலர் கை தட்டினார்கள். அது எனக்கா அவருக்கா என்று தெரியவில்லை. ஒரு பேராசிரியர் ஓடிவந்து, "நேரமாச்சும்மா" என்று மைக்கைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டார்.

வண்டி நிறுத்துமிடத்தில் அவரே என்னைத் தேடி வந்தார். கத்தவில்லை. போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"படிங்க. உங்க ஆளுங்க எழுதினது."

படித்தேன். அவருடைய அம்மாவைப் பற்றி, மனைவியைப் பற்றி, வாயால் சொல்லக் கூடாததெல்லாம் இருந்தது. நான் குழுவில் போட்ட இணைப்பின் வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். ஒன்றிரண்டு எழுத்துப் பிழைகளைப் பார்த்தபோது எந்தப் பட்டறை ஆள் என்றுகூட எனக்குப் புரிந்தது.

"இதை நான் எழுதல," என்றேன்.

"தெரியும். ஆனா ஆளை அனுப்பினது நீங்க."

"அந்தப் பொண்ணுக்கு வேலை போச்சே, அதை யார் அனுப்பினது?"

"அவங்களை வெளிய அனுப்பினது உங்க முதலாளி. நான் இல்ல."

அது உண்மைதான். உண்மை என்பதால்தான் இன்னும் கோபம் வந்தது. ஒரே ஒரு விஷயம் கேட்டேன்: அந்தப் பதிப்பின் குறிப்பில், அளவு மாறியிருக்கிறது என்று ஒரு வரி சேருங்கள், ஒர்க்‌ஷாப்பில் காட்டி அந்தப் பெண்ணைத் திரும்ப எடுக்கச் சொல்கிறேன் என்று. "மிரட்டிக் கேட்டா ஒரு எழுத்துகூட எழுத மாட்டேன்" என்று சொல்லிவிட்டு காரில் ஏறிப் போய்விட்டார்.

மறுவாரம் பார்த்தால் அந்த வரி இருந்தது. அதோடு புதிய பதிப்பு ஒன்றும் வந்திருந்தது. பழைய கணக்கு பழையபடியே வரும். நியூட்டன் மீட்டர் வேண்டுமென்றால் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். எனக்கு ஒரு வார்த்தை தெரிவிக்கவில்லை. நானும் நன்றி சொல்லவில்லை. குழுவில் மட்டும், அசிங்கமாக எழுதியவர்கள் விலகிக்கொள்ளலாம், இனி போன் செய்தாலும் எடுக்க மாட்டேன் என்று எழுதினேன். இரண்டு பேர் பதிலுக்கு என்னையும் திட்டிவிட்டு விலகினார்கள்.

அந்தக் குறிப்பை எடுத்துக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். முதலாளி உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"இப்ப இத்த எடுத்துகினு வந்து இன்னா பண்ணச் சொல்ற? அந்த எடத்துல வேற ஆளு வந்தாச்சி. உன் சாமானையும் கழட்டியாச்சி. இனிமே இங்க வராதம்மா."

கடைசி எண்ணை நம்பியது நான்தானே என்று நினைத்துக்கொண்டே, அங்கிருந்து அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். கல்லூரியில் மைக் பிடித்துக் கேட்டதையும் சொன்னேன். ஒருவேளை அதைக் கொஞ்சம் பெருமையாகவே சொல்லியிருப்பேன்.

அவர் ஒரு புடவையை உதறினார். "எனக்கோசரம் சண்ட போட்டேன்னு சொல்லிகினு வராத. உன் சாமான் கெட்டுப்போச்சி, அதுக்குப் போட்ட. எனக்கோசரம்னா அன்னிக்கே அந்த இன்சார்ஜு சட்டையப் புடிச்சிருக்கணும். அவன்தான கொறைக்கச் சொன்னான்? அவன் இன்னும் அங்கதான கீறான்?"

அடுத்த துணியை எடுத்துக் கயிற்றில் போட்டார்.

"வேற கான்ட்ராக்டர் மூலமா போன் கம்பெனில லைன்ல சேந்துட்டேன். நல்லாத்தான் கீறேன். நீ கெளம்பு."

அதன் பிறகு அவரை ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிறுத்தத்தில் சில முறை பார்த்திருக்கிறேன். வேறு கம்பெனியின் நீல நிற யூனிஃபார்மில் நிற்பார். என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நான் கூப்பிடுவதில்லை.

சென்னைக்காரரோடு பிறகு நேரில் சந்திப்பு இல்லை. என் பொதி இப்போது எந்த எண்ணையும் நம்புவதில்லை. அவர் எதை வெளியிட்டாலும், ஒவ்வொரு வரியாகப் படித்து, டூலில் ஓட்டிப் பார்த்த பிறகுதான் உள்ளே விடுகிறேன். குற்றம் கண்டுபிடிக்கிற எண்ணத்தோடு படிப்பதால் நிறையவே கண்ணில் படுகிறது. அவர் அதை உணர்ந்திருக்க வேண்டும். ஒரு கட்டத்தில் வெளியீட்டுக்கு ஒரு வாரம் முன்பே சோதனைப் பதிப்பு ஒன்றைப் போட ஆரம்பித்தார். யாருக்காக என்று எழுதவில்லை. அதை எடுத்துச் சோதிக்கிற ஆள் எனக்குத் தெரிந்து நான் ஒருத்திதான். பிழை இருந்தால் எழுதுகிறேன்: எந்த டூல், என்ன வந்தது, என்ன வர வேண்டும். வணக்கம் கிடையாது. அவர் திருத்திவிட்டு "முடிந்தது" என்கிறார்.

போன மாதம் மறுபடியும் முட்டிக்கொண்டது. பழைய டூல்களோடு பேசுகிற பகுதியை அடுத்த பதிப்பில் தூக்கிவிடப் போவதாக அறிவித்தார். இந்த முறை அறிவிப்பு முதல் பக்கத்திலேயே இருந்தது, முதல் எண்ணும் மாறப் போகிறது. முறைப்படி எல்லாம் சரி. ஆனால் பிள்ளைப்பாக்கத்தில் பாதிப் பட்டறைகளில் இருப்பது அந்தப் பழைய டூல்தான். கூடாது என்று எழுதினேன். அதைப் பார்த்துக்கொள்ள எனக்கு நேரமில்லை என்றார். நேரமில்லை என்றால் எங்களிடம் கேட்டிருக்கலாமே என்றேன். இப்படியே ஒரு வாரம் போனது. நேற்று காலை அவருடைய பதில் வந்திருந்தது.

"அவ்வளவு அக்கறை இருந்தால் அந்தப் பகுதியை நீங்களே எடுத்துப் பராமரியுங்கள். என்னால் முடியாது."

படித்ததும் காது சூடானது. அவர் எழுதி வைத்திருந்த அந்தப் பழைய பகுதியைத் திறந்தேன். தலையும் காலும் புரியாமல், அலங்கோலமாகக் கிடந்தது. திட்டிக்கொண்டே முதல் வரியிலிருந்து திருத்த ஆரம்பித்தேன்.