பன்னிரண்டு இன்சுக்குப் பிறகு

எனக்கு வாசிக்கத் தெரியாது. அதனாலேயே அச்சில் வரும் எதையும் உடனே நம்பிவிடுவதில்லை. இல்ஃபோர்டில் எங்கள் வீட்டுக் குசினியில் நான் ரோல்ஸ் சுற்றுவேன், மருமகள் கணினியில் தானே எழுதிய ஒரு நிரலால் தட்டுகளுக்கு லேபிள் அடிப்பாள், மகன் வான் வண்டியில் கொண்டுபோய்க் கொடுப்பான். பொரித்த பிறகு மரக்கறி ரோல்ஸ் எது, ஆட்டிறைச்சி எது என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. அவ்வளவு ஒரே மாதிரிச் சுற்றுவேன். அதில் எனக்குப் பெருமையும் உண்டு.

அந்த வெள்ளிக்கிழமை நோர்பரியில் ஒரு புதுவீட்டுக் குடிபூரல். மரக்கறி மட்டும். பக்கத்துத் தெருவில் ஒரு பிறந்தநாள், அதற்கு இறைச்சி. மருமகள் அன்றுதான் முதன்முறையாகத் தட்டின் அளவையும், பன்னிரண்டு இன்சு என்று, லேபிளின் தொடக்கத்தில் சேர்த்திருந்தாள். இரண்டு லேபிளும் கட்டையாக, ஒரே மாதிரி இருந்தன.

"பிள்ளை, ஏன் ரெண்டும் ஒண்டு போலக் கிடக்கு?"

"தட்டு ஒரே அளவுதானே மாமி."

"உள்ளுக்கு இருக்கிறதும் ஒண்டோ?"

வாசலில் நின்ற மகன் அவசரப்பட்டான். "அம்மா, நேரம் போகுது. இடப்பக்கம்தான் மரக்கறி. நான்தானே வைச்சனான்."

சின்ன வயதில் செருப்பைக் கால் மாறிப் போட்டுத் திரிந்தவன் அவன். நான் தட்டை விடவில்லை. எனக்கு அன்று விரதம், அதனால் மருமகளைப் பிய்க்கச் சொன்னேன். இடப்பக்கத்து ரோலைப் பிய்த்தாள். ஆட்டிறைச்சி!

மகன் தட்டுகளை மாற்றி எடுத்துக்கொண்டு போனான். மருமகள் கணினியைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"மாமி, எழுத்துக்கு ரெண்டு பக்கமும் இந்த ரெட்டைக் கீறு போடோணும், வேலி மாதிரி. இன்சுக்கு அடையாளமும் அதே கீறுதான், பன்னிரண்டுக்குப் பக்கத்தில அதைப் போட்டிட்டன். வேலி முடிஞ்சுதெண்டு நினைச்சு, பின்னால இருந்த மரக்கறி, இறைச்சி எண்ட சொல்லை இது விட்டிட்டுது."

"இனி என்ன செய்வாய்?"

"ஒற்றைக் கீறாலயும் வேலி போட ஏலும். இல்லாட்டி இன்சுக் கீறுக்கு முன்னால ஒரு சாய்வுக் கோடு போட்டா, அது வேலியில்லை எண்டு இதுக்கு விளங்கும்."

"ஒரு கோட்டைப் போட்டு ஆரும் இதை ஏமாத்தலாம் எண்டு சொல்லு."

"ஐயோ மாமி, ஏமாத்திறதில்லை!"

கணினியின் அவ்வளவு பெரிய கெட்டித்தனம் ஒரு சின்னக் கீறில் தடுக்கி விழுந்ததை நினைத்து அன்று முழுக்கச் சிரித்தேன். கோயிலில் கண்டவர்களுக்கெல்லாம் சொன்னேன்.

இப்போது ஒற்றைக் கீறு வேலிதான். லேபிள் நீளமாக வருகிறது. ஆனாலும் வான் கதவைச் சாத்த முன் மருமகள் ஒரு ரோலைப் பிய்த்துக் காட்ட வேண்டும். அதற்கென்றே தட்டுக்கு ஒன்று கூடுதலாகச் சுற்றுகிறேன்.