செத்தவர் வந்த கல்யாணம்

அச்சகத்தில் அவருக்குக் கோந்து என்று பெயர். நூலகங்களில் கிழிந்துபோகும் புத்தகங்களைப் பிரித்துத் தைத்து அட்டை போடுவது வேலை. விரல் இடுக்கில் எப்போதும் பசை காய்ந்திருக்கும். மனைவி தெருக்கோடித் தையற்கடையில் காஜா எடுப்பவள்.

புத்தகத்தால் வந்த சம்பந்தம். ஒரு நாள் நூலகத்தில், கடைசிப் பக்கம் இல்லாத நாவலைக் கையில் வைத்துக்கொண்டு, இதைத் தைத்த மகராசன் யார் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். மகராசன் பக்கத்தில்தான் கட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தார். புத்தகம் தைக்க வரும்போதே அந்தக் கடைசிப் பக்கம் இல்லை என்றார். இருவரும் வேறு பிரதி தேடி அலைந்தார்கள். பிரதி கிடைப்பதற்குள் கல்யாணமே முடிந்துவிட்டது. நாவலின் முடிவு ஒன்றும் பிரமாதமில்லை என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

அதன்பிறகு புத்தகங்கள் வீட்டுக்கு வந்துபோயின. தைத்ததும் முதலில் அவள் படிப்பாள். இரவுச் சாப்பாட்டில் கதை சொல்வாள். பிடித்திருந்தால் அவரும் படிப்பார்.

தைக்கும் ஒவ்வொரு முறையும் ஓரத்தை வெட்டுவதால், பழைய புத்தகங்களில் பக்க எண்கள் போய்விட்டிருக்கும். அவற்றை வரிசைப்படுத்துவது இருவர் வேலை. பதினாறு பக்க மடிப்பை ஃபாரம் என்பார்கள். அவர் ஒரு ஃபாரத்தின் கடைசி வரியைப் படிக்க, அவள் தரையில் பரப்பிய மற்றவற்றில் அதன் தொடர்ச்சியைத் தேடி எடுத்துக் கொடுப்பாள். மகளின் பிரசவத்துக்கு அவள் போயிருந்தபோது மட்டும் ஒரு நாவலை அவர் தனியாகவே அடுக்கித் தைத்தார். திரும்பி வந்ததும் அதைத்தான் படிக்க எடுத்தாள்.

கதாநாயகியின் மாமனார் செத்துப்போனார் என்று ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னாள். நன்றாகச் செத்தார் என்றாள். சில நாள் கழித்து, கதாநாயகியின் மகளுக்குக் கல்யாணம், மாமனார் வாசலில் நின்று எல்லாரையும் வரவேற்கிறார் என்றாள்.

"செத்துட்டாருன்னு சொன்னியே?"

"ஆமா, செத்துட்டாரு."

"அப்புறம் எப்படி நிக்கிறாரு?"

"நிக்கிறாருங்க. புதுச் சட்டை வேற. இன்னும் கொஞ்சம் போடவா?"

அவர் போதும் என்று எழுந்து கை கழுவினார். அவளுடைய அம்மா கடைசிக் காலத்தில் பெற்ற மகளையே யாரென்று கேட்டவர். அந்த அம்மாவுக்கும் இப்படித்தான் தொடங்கியது. செத்தவர்கள் எல்லாம் கூடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டுப் போனார்கள்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். பால் பொங்கி வழிந்தது. பக்கத்து வீட்டுப் பெண்ணை மகளின் பெயர் சொல்லி அழைத்தாள். கோந்து யாரிடமும் மூச்சு விடவில்லை. சாப்பாட்டில் கதை கேட்பதை நிறுத்தினார். அவளும் சொல்வதை நிறுத்தினாள். பிறகு, ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்வது நல்லது என்று சொல்லி அவளை மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். ஏன் என்று கேட்காமல் வந்தாள். நாவலையும் எடுத்துக்கொண்டாள்.

எடை பார்க்க நர்ஸ் அவளை உள்ளே கூப்பிட்டபோது புத்தகம் அவர் மடிக்கு வந்தது. பழக்க தோஷம், பிரித்துத் தையலை அழுத்திப் பார்த்தார். பிறகு படித்தார். மாமனார் செத்துக் கிடக்கிறார். பேத்தி புருஷனோடு வந்து இறங்கி அழுகிறாள். இன்னும் கல்யாணமே ஆகாத பேத்தி.

புரட்டினார். இரண்டு ஃபாரங்கள் புது அத்தியாயத்தில் தொடங்கி, அத்தியாயத்தின் முடிவோடு முடிந்தன. எதை முன்னால் வைத்தாலும் பொருந்தும். அவர் தப்பானதை முன்னால் வைத்திருந்தார்.

சத்தம் வராமல் சிரிக்கப் பார்த்தார். தோள் குலுங்கியது. பக்கத்து நாற்காலிக்காரர் எழுந்து எதிர்வரிசைக்குப் போனார்.

"என்னங்க, அழறீங்களா?" அவள் வந்து நின்றாள்.

"மாத்தித் தச்சுட்டேன்."

"எதை?"

"மாமனாரை. கல்யாணத்துக்கு அப்புறம்தான் செத்திருக்காரு."

அவள் புத்தகத்தை வாங்கிப் புரட்டினாள். கதையை முன்னே பின்னே மாற்றித்தான் எழுதியிருக்கிறார்கள் போலிருக்கிறது என்று தான் நினைத்ததாகச் சொன்னாள். நன்றாகத்தான் இருந்ததாம். சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள்.

"அதுக்கா என்னை இங்க கூட்டிட்டு வந்தீங்க?"

"உங்க அம்மா மாதிரி..." என்றார் தரையைப் பார்த்து.

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீங்க கதை கேக்கறத விட்டதும் எனக்கும் அதான் பயம். தப்புத் தப்பா ஏதோ உளர்றேன் போலன்னு."

"பால் பொங்கினது?"

"படிச்சிட்டிருந்தேன். அடுப்பு ஞாபகம் யாருக்கு இருக்கும்?"

அவளுடைய டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். எழுந்தவள் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் டாக்டர் முன் உட்கார வைத்தாள்.

"எனக்கு ஒண்ணும் இல்லீங்க. இவரைப் பாருங்க."

டாக்டர் அவர் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றை ஏற்றினார். கோந்துக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அசையாமல் உட்காருங்கள் என்றார் டாக்டர். அவளும் சிரிப்பதைப் பார்த்துவிட்டு, பட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்துக் காத்திருந்தார்.